சாம்பல் டீச்சர்

கொட்டகைக்குள் பாண்டியம்மா மதினி இருந்தார், மண் சாக்கின் மேல் கால் நீட்டி. செல்வி இருந்தாள். அவள் ஓரகத்தி மாரி இருந்தாள். நான் இருந்தேன். நாலு பேர். டீச்சர் வாசலுக்கு வெளியே நின்றார். கையில் கடிதம்.

அவர் எப்போதும் வெளியேதான் நிற்பார். நாங்கள் உள்ளே விட்டதில்லை. பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் கால் வைத்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். அந்தக் கொட்டகையில் வெடிமருந்து கிடையாது. மண் மட்டும்தான். டீச்சரே வாடகைக்குப் பிடித்த கொட்டகை. ஆனாலும் முதல் நாளே மதினி சொல்லிவிட்டார்.

"அஞ்சாவது ஆளு உள்ள வரக் கூடாது டீச்சர்."

"இது மண்ணுங்க. வெடிக்காது."

"வெடிக்கிற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

டீச்சர் வெளியே போய்விட்டார். செருப்பையும் கழற்ற வைத்தோம். வாசலில் தண்ணீர் வாளி ஒன்று, மணல் வாளி ஒன்று வைத்தோம். மணல் வாளியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்.

"இது எங்கிருந்து வந்தது?" என்றார்.

அதுதான் டீச்சர்.

எம். புதுப்பட்டிக்கு அவர் வந்தது சுனாமிக்கு மறுவருஷம். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்தது. திறக்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் எங்களுக்கு வேலை இல்லை. மண் சலிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனோம். அவர் வடக்கே ஏதோ கல்லூரியில் மண்ணும் கல்லும் பாடம் நடத்துகிறவர். ஐம்பத்தைந்துக்கு மேல் வயது. குள்ளம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார், நாங்கள் வேலைக்குப் போடுவது போல. அதனால் வந்த அன்று மாரி அவரை இன்னொரு கூலியாள் என்று நினைத்து, தண்ணீர் எடுத்துவரச் சொல்லிவிட்டாள். எடுத்துவந்து கொடுத்தார். தண்ணீர் எந்தக் கிணறு என்று மட்டும் கேட்டார்.

எதைப் பார்த்தாலும் அதே கேள்விதான். டீக்கடையில் ஒருநாள் நான் கூட இருந்தேன்.

"இந்தத் தூள் எங்கிருந்து வருது?"

"கடையிலருந்து" என்றார் டீக்கடைக்காரர்.

"கடைக்கு?"

"சாத்தூர்லருந்து."

"சாத்தூருக்கு?"

"டீச்சர், ஆறிப் போவுது. குடிங்க."

மண்ணைக் கடித்துப் பார்ப்பார். சாக்கிலிருந்து ஒரு துளி எடுத்து முன்பல்லில் வைத்து நறநறவென்று அரைப்பார். களிமண்ணா வண்டலா என்று பல் சொல்லுமாம். முதல் தடவை பார்த்தபோது செல்வி கத்திவிட்டாள். எங்கள் வேலையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கையைக் கழுவாமல் வெற்றிலை போட்டவள் என்ன ஆனாள் என்று எங்களுக்குத் தெரியும். மதினி கத்தவில்லை. சல்லடையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எத்தனை மாசம் டீச்சர்?"

டீச்சருக்குப் புரியவில்லை.

"இல்ல, மசக்கைக்காரிதான் மண்ணுக்கு ஏங்குவா. அதான் கேட்டேன்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த மண் மூக்கில் ஏறிவிட்டது.

செல்வியின் சோற்றில் ஒருநாள் கல் வந்தது. அவள் துப்பினாள். டீச்சர் அதை எடுத்து, ஊறுகாயிலிருந்து எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டார். கல் மெல்ல நுரைத்தது. "சுண்ணாம்புக் கல். ஆலங்குளம் பக்கத்துக் கல்லா இருக்கும். அரிசி அந்த வழியா வந்திருக்கணும்" என்றார். மறுநாள் சைக்கிளில் அரிசிக் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டும் வந்தார். அரிசி அந்த வழியாக வரவில்லை. இரண்டு நாள் முகம் தொங்கியிருந்தது. பிறகு, அந்தக் கல் அரிசிக் கடைக்காரருடைய நெற்களத்திலேயே கிடந்தது என்று கண்டுபிடித்தார். களத்துக்குக் கல் ஆலங்குளத்திலிருந்து வந்திருந்தது. அன்று எங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

அவர் பாதி வடைதான் தின்றார். மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். எதிலும் ஒரு பங்கு எடுத்து வைத்துவிடுவார். சலிக்கக் கொடுக்கும் மண்ணிலும் அப்படித்தான். சாக்கு எங்களுக்கு. அதில் கொஞ்சம் முன்பே பிஸ்கட் டப்பாவில், மூடியில் நூல் கட்டி.

இந்தக் கேள்வியால் ஒருதடவை வேலை நின்றுபோகப் பார்த்தது. மதினியைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க ஆளுங்க இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தாங்க?"

மதினியின் கை நின்றது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால், கேட்பது ஊரை அல்ல. செல்வி என்னைப் பார்த்தாள். மாரி வெளியே பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கீக?"

"எங்க தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். அதுக்கு முன்னாடி ராமநாதபுரம் பக்கம்னு சொல்லுவாங்க. அதுக்கும் முன்னாடி எங்கன்னு சொல்ல ஆளில்ல. அதான் பார்க்கிறவங்க எல்லாரையும் கேட்டுடறேன்."

மதினி மறுபடி சல்லடையை ஆட்டினார்.

"எங்க ஆளுக எங்கனயும் போகல. இங்கனதான் இருந்தோம். வயக்காடுதான் ஒருத்தர் கையிலருந்து ஒருத்தர் கைக்குப் போச்சு. நாங்க அதே வரப்புல நின்னோம்."

டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் தேடி வந்தது சாம்பல். மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றின் கரையில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. அது எரிமலைச் சாம்பல் என்றார். நம் பக்கத்தில் எரிமலையே கிடையாதே என்றேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வாசலில் குந்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"பூச்சட்டி, அதான் புஸ்வாணம், கொளுத்தினா என்ன ஆகும்?"

"மேல போகும்" என்றாள் செல்வி.

"மேல போனது பாரம் தாங்காம அப்படியே கீழ விழுந்தா?"

"சட்டியச் சுத்தி நெருப்பா ஓடும். கெட்ட சரக்குல அப்படி ஆகும்."

"எரிமலையும் அதேதான். சாம்பல் விழுந்து தரையோட ஓடும், ஆறு மாதிரி. ஒரு பள்ளத்தாக்கையே ரொப்பிடும். அந்தச் சூட்டுல ஒட்டிக்கிட்டுப் பாறையாயிடும். அந்த மாதிரிப் பாறைங்களைத்தான் நான் வடக்க மலைமலையா ஏறிப் படிச்சேன். அது ஓடும்போது மேல தூசி எழும்பும் பாருங்க, அது லேசு. காத்துல கடல் தாண்டிடும். இந்த மலைமேல விழுந்து, மழை கழுவி, ஓடையில ஒரு பள்ளத்துல தங்கியிருக்கு."

"எந்தக் கடல் தாண்டி?"

"சுமத்ரா தீவு."

"சுனாமி வந்த தீவா?" என்றாள் மாரி.

"அதேதான்."

"அங்கன எது ஆனாலும் நம்ம பக்கமே வருதே" என்றார் மதினி. "எப்ப விழுந்த தூசி?"

"எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல."

"அம்புட்டு நாளாவா பெருக்காம வச்சிருக்காக."

சாம்பல் என்று எப்படித் தெரியும், சுமத்ரா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். ஒவ்வொரு மலைக்கும் ஒரு கலவை என்றார். பொட்டாசியம் இவ்வளவு, இரும்பு இவ்வளவு. பேரியமும் ஸ்ட்ரான்சியமும் துளித்துளி. அளந்து பார்த்தால் எந்த மலை என்று தெரிந்துவிடும்.

அது எங்களுக்குப் புதிது இல்லை. நான் கம்பெனியில் மருந்து சலிப்பவள். பதினாறு வருஷம். பேரியம் பச்சைக்குப் போடுவது. ஸ்ட்ரான்சியம் சிவப்புக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கலவை வேறு. எரிந்த சாம்பலைக் காட்டினால் யாருடைய சரக்கு என்று சொல்லிவிடுவேன். இதைச் சொன்னதுதான் தப்பு. மறுநாள் டீச்சர் மூன்று பூச்சட்டி வாங்கி வந்து, தூரமாகப் போய்க் கொளுத்தி, சாம்பலை மூன்று காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பார்த்தேன். முகர்ந்தேன். மூன்றையும் சொன்னேன். அன்று முழுவதும் என் பின்னாலேயே நடந்தார். எப்படித் தெரிந்தது, எதை வைத்துச் சொன்னீங்க, முதலில் நிறமா வாசனையா. வீடு வரைக்கும் வந்தார். என் வீட்டுக்காரர் பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

இனி அந்தக் கடிதம்.

சலித்துக் கழுவிய மண்ணில் கொஞ்சத்தை வடக்கே ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பியிருந்தார். பதில் இங்கிலீஷில் வந்தது. வாசலில் நின்று தமிழில் சொன்னார்.

"பேரியம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்காம். ஸ்ட்ரான்சியமும். கடைசியில ஒரு வரி எழுதியிருக்கான். தங்கள் எரிமலை சுமத்ராவில் இல்லை, சிவகாசியில் இருக்கிறது."

செல்வி சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. செல்வி நிறுத்திவிட்டாள்.

அவருக்கு வரும் கோடை விடுமுறையோடு கல்லூரி வேலை முடிகிறது. தெற்கே இந்த மலையடிவாரத்தில் சாம்பல் கிடையாது என்று அவரோடு வேலை பார்ப்பவர்கள் இருபது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இவர் உண்டு என்று சொல்லி வந்திருக்கிறார். போய் இன்னும் கொஞ்சம் மண் எடுத்து வரலாமே என்றேன். ஓடைக் கரை அந்த ஐப்பசி மழையில் இடிந்து போய்விட்டது என்றார். நேற்றுதான் போய்ப் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கோடு இல்லை. டப்பாவில் இருப்பதுதான் மிச்சம். இரண்டு கையளவு.

"அதையாவது சலிப்போம் டீச்சர்" என்றாள் மாரி.

"அந்தப் பச்சை மருந்து எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம டப்பாவைத் தொறக்க மாட்டேன். இதுலயும் ஏறிட்டா அவ்வளவுதான்."

அன்று மதியம் ஸ்பிரிட் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் வைத்தார். தீப்பெட்டியை எடுத்தார். உரசுவதற்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் வெளியே இருந்தோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மதினிக்கு முழங்கால் வலி. அவர்தான் முதலில் போயிருந்தார், வேப்பமரம் வரைக்கும்.

அப்போதுதான் முதல்முறையாக டீச்சர் உள்ளே, நாங்கள் வெளியே.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் கை கழுவிய தண்ணீரில் மெல்லிய கம்பியை முக்கித் தீயில் காட்டினார். மஞ்சள். தலைமுடி அலசிய தண்ணீர். மஞ்சள். மாரியின் துண்டு, விளக்குமாறு, சாக்கு, வாளி. எல்லாம் மஞ்சள். "உப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார். தீ நிறம் மாறினால் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மரத்தடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை வரவில்லை.

வராது. எனக்குத் தெரியும்.

டீச்சர் மண் சலிக்கக் கொடுத்தது எவர்சில்வர் வளையம் போட்ட சல்லடை. மருந்து அறையில் இரும்பு கூடாது. வளையல்கூடக் கழற்றிவிட்டுத்தான் போவோம். பதினாறு வருஷமாக நான் மரச்சட்டம் போட்ட துணிச் சல்லடை தவிர வேறு தொட்டதில்லை. அந்த வளையம் சாக்கில் உரசும்போதெல்லாம் என் முதுகு கூசும். மண்தான் என்று தெரியும். முதுகுக்குத் தெரியவில்லை. நடுவில் டீச்சர் இரண்டு நாள் மதுரைக்குப் போனார். அடைமழை. மற்ற மூவரும் வரவில்லை. நான் வந்தேன். வரும்போது வீட்டிலிருந்த மரச் சல்லடையை எடுத்து வந்தேன். கம்பெனிச் சல்லடை. துணி மாற்றித் தைப்பதற்கு நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. போர்மேன் கண்டும் காணாமல் விட்டிருந்தார். வெளியே தெரிந்தால் அவருக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. மூன்று தடவை கழுவித்தான் சலித்தேன். டீச்சர் திரும்பி வந்தபோது ஒரு சாக்கு முடிந்திருந்தது. நைசாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த மண்தான் சோதனைக்குப் போனது.

இருட்டுவதற்கு முன் டீச்சர் விளக்கை அணைத்தார். டப்பாவைப் பையில் வைத்தார்.

"தொறக்காமலே கொண்டு போறேன். உண்டுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கேட்டா தெரியலன்னு சொல்லிட்டுப் போறேன்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் அதுவரை கேட்டதில்லை.

நான் வீட்டுக்கு நடந்தேன். கால் மணி நேரம். சல்லடையை முந்தானையில் மூடி எடுத்து வந்தேன். அவர் காலடியில் வைத்தேன்.

"இதத் தீயில காட்டுங்க."

மதினி என்னைப் பார்த்தார். சல்லடையைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார். சத்தமில்லாமல்.

டீச்சர் துணியின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்தார். விளக்கை ஏற்றினார். நாங்கள் மரத்தடிக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றோம். நூல் தீயில் பட்டது.

நல்ல பச்சை. எங்கள் பச்சை.

"பச்சை! பாருங்க, பச்சை!" டீச்சர் கை தட்டினார். தீபாவளிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

"தப்பு எம்மேலதான் டீச்சர். நீங்க ஊர்ல இல்லாதப்ப இதுல சலிச்சேன்."

"தப்பா? கண்டுபிடிச்சாச்சுங்க! வழி தெரிஞ்சுடுச்சு! மரத்துலயும் துணியிலயும் ஊறியிருக்கு, கழுவினாலும் போகாது. இது எந்தக் கம்..."

அங்கே நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

நோட்டை எடுத்தார். எழுதுவதை மாரி எட்டிப் படித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். மரச் சல்லடை. பச்சை. வந்த வழி தெரியும். அவ்வளவுதான் எழுதியிருந்தார். அவர் கேட்க வந்து கேட்காமல் விட்ட கேள்வி, நான் பார்த்த வரையில், அது ஒன்றுதான்.

சோதனைச்சாலைக்குப் போன் போட்டார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நிறைய நேரம் "ஆமாம் சார்" என்றார். வைத்துவிட்டுச் சொன்னார். மண்ணை மொத்தமாக அளக்க இனிமேல் வாங்கமாட்டார்களாம். சாம்பல் என்றால் அதில் பொடிப்பொடியாகக் கண்ணாடி இருக்கும், எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறியது. அதை ஒவ்வொரு துண்டாக அளப்பார்களாம். இருநூறு துண்டாவது இருந்தால் அனுப்பலாம். குறைந்தால் அனுப்பவே வேண்டாம்.

எனக்காகத் தச்சரிடம் புதிய மரச்சட்டம் செய்யச் சொன்னார். வேப்ப மரம். மரம் எங்கே வெட்டியது என்று தச்சரிடம் கேட்டார். அதை விட முடியவில்லை. விருதுநகரிலிருந்து புதுத் துணி வந்தது. சலிக்கிற அன்று நாலு பேரும் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, தலையில் துணி சுற்றி வரவேண்டும் என்றார். வந்தோம்.

"எங்கல்யாணத்துக்கே இம்புட்டுக் குளிக்கல" என்றார் மதினி.

இரண்டு கையளவு மண், சலித்துக் கழுவியபின் ஒரு சிட்டிகை ஆனது. அதை நாலு கண்ணாடித் தகட்டில் பரப்பினார், ஆளுக்கு ஒன்று. பூதக்கண்ணாடிக் கருவியை வாசலில் வைத்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார், பிறகு உள்ளே தந்தார். அடியில் ஒரு வட்டம் இருக்கும். அதைத் திருப்பினால் மற்ற மணல் மின்னும். சாம்பல் கண்ணாடி மட்டும் இருண்டுவிடும். குமிழி உடைந்த ஓரம் மாதிரி வளைந்திருக்கும். இருள்வதை எண்ண வேண்டும். சரவெடி எண்ணுகிற கண் எங்களுக்கு. அது பெரிய விஷயம் இல்லை.

"நீங்களே எண்ணலாம்ல டீச்சர்?" என்றாள் செல்வி.

"எனக்கு வேணும்னு ஆசை இருக்கு. ஆசை இருக்கறவ எண்ணினா கூடத்தான் வரும்."

"சரி, உள்ளயாவது வாங்க. மருந்து இல்லாத கொட்டகைதான" என்றார் மதினி. ஒரு மாதத்தில் அவர் அப்படிச் சொன்னது அன்றுதான்.

"வேண்டாங்க. பக்கத்துல நின்னாலும் உங்க கை தடுமாறும்."

வாசலுக்கு வெளியே மணல் வாளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு.

மதினி எண்ணினார். நாற்பத்தெட்டு. செல்வி அறுபத்தொன்று. மாரி முப்பத்தொன்பது. மாரிக்குக் கணக்கு வரும். நூற்று நாற்பத்தெட்டு, இருநூறுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு என்று மெதுவாகச் சொன்னாள். டீச்சரின் முதுகு அசையவில்லை.

என் தகடு மட்டும் மிச்சம். நான் கண்ணை வைத்தேன். திருப்பினேன். எண்ணினேன். ஐம்பத்தேழு.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. டீச்சரைவிட அதிகம் இருந்தது.

"மதினி, நீங்க ஒருக்கா பாருங்க. நான் எண்ணுனதச் சொல்ல மாட்டேன்."

மதினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். பார்த்தார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். நடுவில் ஒருதடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே டீச்சர் மணலை அள்ளி அள்ளி வாளியிலேயே விட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எம்புட்டு எண்ணுன?" என்றார் மதினி.

"ஐம்பத்தேழு."

"நாலு கூட எண்ணிட்டியேட்டி. ஐம்பத்துமூணுதான்."

மாரி கூட்டினாள். இருநூற்று ஒன்று.